சேவலுக்கு நின்ன பஸ்ஸு

உடுமலைப்பேட்டையில இருந்து சின்னாறு, மறையூர் வழியா மூணாறு போறவங்க இப்ப நெம்பப் பேரு இருக்கறீங்க. கார்ல போறீங்க, மோட்டார் சைக்கிள்ல போறீங்க. அந்த ரோட்டுல நான் மொத மொதல்ல போனது எமர்ஜென்சி வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு வருசம் முந்தி. தை மாசமுங்க. கடலைக்காய் புடுங்கி, கொடியெல்லாம் போரு போட்டு முடிச்ச நேரம். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எம்மக கம்ப்யூட்டர்ல அடிக்கறா. நான் பேச்சுல வேற பக்கம் போனா "அப்பா, ரோட்டுக்கு வாங்க"ன்னு சத்தம் போடறா. வர்றேன் கண்ணு.

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைக்குத் தெக்கால. என்ற தங்கச்சியை அடுத்த ஊருலதான் கட்டிக் குடுத்தோம். ஆனா மாப்பிள்ளைக்குத் தேவிகுளம் தாலூக் ஆபீசுல பியூன் உத்தியோகம் கெடைச்சுது. அதனால புள்ளை மலை மேல போயிருச்சு. மொதப் பிரசவம் எங்க ஊட்டுலதான் பாத்திருக்கோணும். வவுத்துப் புள்ளையோட மலையெறங்குனா ஆகாதுன்னு அங்கத்த டாக்டர் சொல்லிட்டாரு. அம்மா மூட்டை கட்டிட்டு அங்கயே போய்ட்டாங்க. பையன் பொறந்துட்டான், நல்லெண்ணெயும் சுக்கும் கருப்பட்டியும் எடுத்துட்டு ஒரு நாட்டுச் சேவலும் புடிச்சுட்டு வான்னு தபால்ல சேதி வந்துச்சு. அந்தக் குளுருல நாட்டுக்கோழி கெடைக்காதாம். புள்ளை பெத்தவளுக்குச் சேவல் சாறு வெச்சுக் குடுத்தாத்தான் இடுப்புக்குத் தெம்பு.

சேவலைப் பத்திக் கொஞ்சம் சொல்லோணுமுங்க. எங்க ஊட்டுல அப்ப மூணு சேவல் இருந்துச்சு. ஒண்ணு நொண்டி. ஒண்ணு அப்பனுக்கு உசுரு, அதைத் தொட்டா எனக்குத்தான் சாறு வெப்பாரு. மிச்சம் ஒண்ணு செவலை. நெஞ்சு கருப்பு, வாலு பச்சை மின்னும். ஒரு எடத்துல இருக்காது. அதைப் புடிக்கறதுக்கு முந்தின நாளு சாயந்தரம் நானும் பங்காளி ஒருத்தனும் வெக்கப்போரைச் சுத்திச் சுத்தி ஓடி, அவன் தண்ணித் தொட்டியில விழுந்தான். காலைக் கட்டி, கூடையில போட்டு, மேல துணி சுத்தி வெச்சேன். சரி, ரோட்டுக்கு வர்றேன்.

விடியறதுக்கு முந்தி கெளம்புற பஸ்ஸுல ஏறிக் கோபாலபுரம் வழியாப் பொள்ளாச்சி. இருபத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி, ஒரு டீ. அங்கிருந்து உடுமலைக்கு இன்னொரு இருபத்தெட்டு கிலோமீட்டர். உடுமலை போய்ச் சேரும்போது மணி ஒம்பதரை. மூணாறு பஸ்ஸு பத்து மணிக்கு. பிரைவேட் பஸ்ஸுங்க. மொத்தம் எம்பத்தஞ்சு கிலோமீட்டர். டிக்கெட்டு அஞ்சு ரூவாய்க்குள்ள.

கண்டக்டரு கூடையைப் பாத்தாரு. துணிக்குள்ள இருந்து சேவலு ஒரு கொரலு குடுத்துச்சு.

"ஏனுங்க, உள்ளார என்ன?"

"சேவலுங்க."

"அதுக்கு அரை டிக்கெட் எடுக்கோணும்."

நான் வெவரம் தெரியாதவன், நெசமாவே எடுத்துட்டேன். பஸ்ஸே சிரிச்சுது. பக்கத்து சீட்டுப் பொம்பள, "எடுத்ததுதான் எடுத்தீரு, அதுக்கும் ஒரு சன்னல் சீட்டுக் கேட்டு வாங்கும்"னு சொல்லுச்சு. அது பேரு செல்லத்தாயி. தேவிகுளத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டுல கொழுந்து எடுக்கறவங்க. அப்பன் காலத்துலயே திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறுன குடும்பம். உடுமலையில மக ஊட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறாங்க. மேல போற வரைக்கும் நான் பண்ணுன ஒவ்வொண்ணுக்கும் ஒரு நக்கல். எனக்கு என்னமோ கோவமே வரல. கூடையை நெசமாவே சன்னலோரம் வெச்சுக்கிட்டேன்.

உடுமலை தாண்டுனா கொஞ்ச தூரம் தோப்பு, வயலு. பொறவு காடு. அந்தக் காட்டை மலைக் காடுன்னு நெனைச்சுட்டுப் போகாதீங்க. மூணாறுல மழை ஊத்துற அன்னிக்கும் இங்க காஞ்சு கெடக்கும். முள்ளு மரமும் பாறையுந்தான். சின்னாறு பாலத்துக்கிட்ட ரெண்டு ஸ்டேட்டு செக்போஸ்டும் இருக்குது. அங்க பஸ்ஸை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனாங்க. டிரைவர் பேரு கந்தசாமி. நாப்பது வயசு இருக்கும். பஸ்ஸுக்கு வர்றதுக்கு முந்திப் பதினஞ்சு வருசம் லாரி ஓட்டுனவரு. மொகத்தைக் கழுவிட்டு ஏறுனாரு. மணி பதினொன்னரை.

அங்கிருந்து மறையூருக்குப் பதினாறு கிலோமீட்டர். பூராவும் ஏத்தம், வளைவு. ரோடு ஒரு வண்டி அகலந்தான். எதுக்க வண்டி வந்தா ஒருத்தரு ஒதுங்கி நிக்கோணும். ஆனா வண்டி கொறைச்சலுன்னு நெனைக்காதீங்க. எஸ்டேட்டுக்கு அரிசி போற லாரி, மேல இருந்து கெழங்கும் பூண்டும் எறங்குற லாரி, மரம் ஏத்துன லாரின்னு வந்துட்டே இருக்கும்.

சின்னாறு தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு வளைவு திரும்புன ஒடனே ரோட்டு மேல தழை கெடந்துச்சு. மரக்கிளையா ஒடிச்சு, குறுக்க போட்டிருந்துச்சு.

இதை இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குச் சொன்னாத்தான் தெரியும். மலை ரோட்டுல லாரி பழுதாகி நின்னுபோச்சுன்னா, முன்னால இருவதடி, பின்னால இருவதடி தள்ளித் தழையை ஒடிச்சுப் போடுவாங்க. இந்தா வண்டி நிக்குது, பாத்து ஒதுங்கிப் போன்னு அர்த்தம். செவப்பு லைட்டுக்குப் பதிலா அதுதான். டிரைவருக எல்லாத்துக்கும் அது தெரியும். தழையைக் கண்டா கால் தானா பிரேக்குக்குப் போயிரும். கியரைக் கொறைச்சு, ஆரன் அடிச்சு, மெதுவா ஓரங்கட்டிப் போவாங்க. வண்டி சரியானதும் தழையை எடுத்து அக்கட்டாலப் போடோணும். ஆனா எவன் போடறான்? போட்டது போட்டபடி கெடக்கும்.

கந்தசாமியும் அப்படித்தான் கியரைக் கொறைச்சாரு. முன்னால லாரி எதையும் காணோம். "வண்டி சரியானா தழையை எடுத்துப் போடறதுக்கென்ன கேடு இவனுகளுக்கு"ன்னு வெஞ்சுட்டே பாறைப் பக்கமா ஒடிச்சு ஒதுக்குனாரு. ரோட்டோரத்துல தழை இன்னும் குமிச்சுக் கெடந்துச்சு. பஸ்ஸு ஆமை மாதிரி அதைச் சுத்திப் போச்சு.

அந்த ஆட்டத்துல கூடை சாஞ்சுருச்சுங்க. கால்கட்டு எப்ப அவுந்துச்சோ தெரியல. செவலை துணியைக் கிழிச்சுட்டு, என்ற மூஞ்சியில ஒரு அடி அடிச்சுட்டு, சன்னல் வழியா வெளிய பறந்துருச்சு.

"ஐயோ, நிறுத்துங்க, நிறுத்துங்க! சேவலு!"

பஸ்ஸு சிரிப்புல குலுங்குது. "டிக்கெட் எடுத்த பாசஞ்சருங்க, உட்டுட்டுப் போனா கேசு போட்டுருமுங்க"ன்னு பின் சீட்டுல ஒருத்தரு சத்தம் போட்டாரு. கந்தசாமிக்கே சிரிப்பு வந்துருச்சு. நிறுத்திட்டாரு. நான் எறங்கி ஓடுனேன். கண்டக்டரும் எறங்கி ஓடியாந்தாரு.

சேவலு தூரமாப் போகல. தழைக் குமிக்குப் பக்கத்துல ஒரு பெரிய மூங்கக் கூடை இருந்துச்சு. அதுல கருவாடு. செவலை கூடை மேல ஏறி நின்னு கருவாட்டைக் கொத்திட்டு நிக்குது. கண்டக்டரு மூக்கைப் பொத்திட்டு, "இது கருவாட்டுக்கார ராசு கூடையாச்சே. ஆளை எங்க காணோம்?"னாரு.

நான் பூனை மாதிரி போய்ச் சேவல் காலைப் புடிச்சேன். புடிச்சுட்டு நிமுந்தேன். தழைக்குள்ள ஒரு கை தெரிஞ்சுது. வெரலு மண்ணைப் பறண்டுது.

என்ற சிரிப்பு அப்படியே நின்னுபோச்சுங்க. கண்டக்டரு தழையை இழுத்து எறிஞ்சாரு. அடியில ஒரு ஆளு மல்லாக்கக் கெடக்கறான். இருவத்தஞ்சு வயசுகூட இருக்காது. காக்கி டவுசரு. ஒரு காலு முட்டிக்குக் கீழ திரும்பிக் கெடக்குது. தலையில ரத்தம் காஞ்சு போயிருக்குது. வாய் ஓரமாப் புதுசா ரத்தம். தலைக்கடியில ஒரு துண்டு மடிச்சு வெச்சிருக்குது. ஒடம்பு மேல பூராவும் தழை. வெயிலு படாம இருக்க யாரோ பதனமா அடுக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு.

"தண்ணி"ன்னான். அவ்வளவுதான் கேட்டுச்சு.

பஸ்ஸுல இருந்து எல்லாரும் எறங்கிட்டாங்க. சுத்தி நின்னுட்டாங்க. செல்லத்தாயி தூக்குப்போசியில இருந்த தண்ணியைத் துணியில நனைச்சு ஒதட்டுல வெச்சுது. பேரு வேலுச்சாமி, ஊரு தாராபுரத்துப் பக்கமுன்னான். அரிசி லாரியில லோடுமேன். மூட்டை மேல படுத்துட்டு வந்திருக்கான். வளைவுல தாழ்ந்த மரக்கிளை ஒண்ணு வாரி எறிஞ்சிருக்குது. முன்னால இருந்த டிரைவருக்கும் கிளீனருக்கும் தெரியல. லாரி போய்ட்டே இருந்திருக்குது. அப்ப மணி எட்டரை ஒம்பது இருக்குமுங்க.

"கருவாட்டுக்கார அண்ணன் பாத்தாருங்க. சைக்கிளைத் தள்ளிட்டு வந்தாரு. லாரி மேல ஏறிறக் கூடாதுன்னு ஓரமா நகத்திப் போட்டுத் தழை வெச்சுட்டு, மேல போய் ஆளைக் கூட்டிட்டு வாரேன்னு போனாருங்க."

நாங்க அங்க நின்னப்ப மணி பன்னண்டு.

கண்டக்டரு, டிரைவர் கந்தசாமி காதுல சொன்னது எல்லார்த்துக்கும் கேட்டுச்சு. "அண்ணா, போலீஸ் கேசாயிரும். நாம மறையூர்ல சொல்லிறலாம். அவிங்க ஜீப்புல வந்து எடுத்துக்கட்டும்."

வெள்ளை ஜிப்பா போட்ட ஒருத்தரு, "ஆமாப்பா, தூக்குனா எலும்பு இன்னும் மோசமாயிரும். வெவரம் தெரிஞ்சவங்கதான் தூக்கோணும்"னாரு. அவரு சொன்னதும் தப்புன்னு சொல்ல முடியாதுங்க. எல்லாரும் ஒரு அடி பின்னால நகந்தாங்க. நானும் சேவலைக் கக்கத்துல இடுக்கிட்டு நின்னுட்டிருந்தேன்.

செல்லத்தாயி எந்திரிச்சுது. "கோழிக்கு நின்ன பஸ்ஸு மனுசனுக்கு நிக்காதாக்கும்? என்னய்யா பேசுதீக? ஏ டிரைவரண்ணே, பின்னாடி நீள சீட்டக் காலி பண்ணச் சொல்லும். ரத்தமாச்சுன்னா நான் கழுவி விடுதேன். ஏ சேவக்காரரே, அதக் கீழ போட்டுட்டுத் தோளப் புடியும்!"

கந்தசாமி பஸ்ஸு படியில கெடந்த பலகையைக் கழட்டியாந்தாரு. என்ற வேட்டியையும் கண்டக்டரு துண்டையும் விரிச்சு, பலகையில நகத்தி, ஆறு பேரு புடிச்சு ஏத்துனோம். வேட்டி போனதுனால நான் அண்ட்ராயரோட நின்னேன். யாரும் சிரிக்கல. சேவலைக் கருவாட்டுக் கூடையிலயே போட்டு மூடி, கூடையையும் பஸ்ஸுக்குள்ள வெச்சோம். நாத்தத்தை யாரும் ஒண்ணும் சொல்லல.

செல்லத்தாயி மடியில அவன் தலை. நான் கீழ ஒக்காந்து காலு ஆடாம புடிச்சிருந்தேன். கந்தசாமி வேகமாவும் போக முடியாம, மெதுவாவும் போக முடியாம ஓட்டுனாரு. ஒவ்வொரு குழிக்கும் திரும்பிப் பாப்பாரு.

வேலுச்சாமி பேசிட்டே வந்தான். பேச வேண்டாம்னு சொன்னாலும் கேக்கல. மூணு மணி நேரம் ஒத்தையில கெடந்தவன் இல்லீங்களா.

"வண்டிக வந்துச்சுங்கக்கா. தழைக்கிட்ட வந்ததும் கியரைக் கொறைக்கற சத்தம் கேக்கும். சரி, நின்னுட்டாங்க, வந்து பாக்கப் போறாங்கன்னு நெனைப்பேன். அப்படியே சுத்திப் போயிருமுங்க. கத்தலாம்னா நெஞ்சு புடிக்குது. பெரிய லாரி வந்துச்சு. ஜீப்பு வந்துச்சு. ஜீப்பு சத்தம் தனியாத் தெரியுமுங்க."

"சரி தம்பி, பேசாதிய."

"யாரும் வேகமாப் போகலீங்கக்கா. எல்லாரும் மெதுவாத்தான் போனாங்க."

கந்தசாமி காதுல இது விழுந்துச்சு. கண்ணாடியில அவரு மொகம் எனக்குத் தெரியும். அந்த மொகத்தை நான் இன்னும் மறக்கல. அவரும் மெதுவாப் போனவருதானுங்க. செவலை மட்டும் பறக்காம இருந்திருந்தா, நாங்களும் அவனுக்குக் கேட்ட சத்தத்துல ஒண்ணாப் போயிருப்போம்.

கொஞ்ச நேரம் கழிச்சு வேலுச்சாமி என்னையப் பாத்து, "அண்ணா, எங்க லாரி டிரைவரு வந்தா சொல்லுங்க. நான் சொல்லாம எறங்கிப் போகல, விழுந்துட்டேன்னு சொல்லுங்க. கோவிச்சுக்குவாரு"ன்னான். சொல்றேன் சாமின்னேன். அதுக்கு மேல அவன் ஒண்ணும் பேசல. செல்லத்தாயி ரெண்டு தடவை "தம்பி, தம்பி"ன்னு கூப்பிட்டுப் பாத்துது. பொறவு முந்தானையில அவன் வாயைத் தொடைச்சு, கண்ணை மூடி விட்டுது. புடிச்சிருந்த காலை உடறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியலீங்க. புடிச்சுட்டே ஒக்காந்திருந்தேன்.

அதுக்கப்பறம் ரெண்டு வளைவுதான் போயிருப்போம். முன்னால ஒரு ஆளு சைக்கிளைப் பாதி தள்ளிட்டு, பாதி அது மேல சாஞ்சுட்டு ஏறிட்டிருந்தாரு. பஸ்ஸு சத்தம் கேட்டுத் திரும்பி ரெண்டு கையையும் ஆட்டுனாரு. "ராசு"ன்னாரு கண்டக்டரு.

இந்த ராசு அந்த ரோட்டுல தெனமும் கருவாட்டுக் கூடையை சைக்கிள்ல வெச்சு மறையூருக்குத் தள்ளிட்டுப் போறவரு. ஏத்தம் தாங்காம வர்ற போற வண்டிக்கெல்லாம் கையக் காட்டுவாரு. ஒருத்தரும் ஏத்த மாட்டாங்க. ஏத்துனா ஒரு வாரத்துக்கு நாத்தம் போகாதே. அன்னிக்கும் மூணு மணி நேரமா எல்லா வண்டிக்கும் கையக் காட்டியிருக்காரு. எல்லாரும் தெனம் ஆட்டற கைதான்னு போய்ட்டாங்க. எதுக்க எறங்குனவன் ஏவாரத்துக்குக் கூப்பிடறாருன்னு நெனைச்சுட்டான். வழியில ஊடு காடு எதுவும் இல்ல. கூடையை எறக்கி வெச்சுட்டு வந்தது வேகமாப் போலாம்னுதான். ஆனா சைக்கிள் பாதி தூரத்துல பஞ்சராயிருச்சு, ஒவ்வொரு வண்டிக்கும் நின்னு நின்னு போனதுல நேரமும் போயிருச்சு.

கந்தசாமி நிறுத்துனாரு. ராசு ஓடியாந்து படிக்கட்டுக்கிட்டயே நின்னுட்டாரு. ஏறல. "நான் ஏறலீங்க, நாத்தம் அடிக்கும். கீழ ஒரு ஆளு அடிபட்டுக் கெடக்கான். தழை வெச்சுட்டு வந்திருக்கேன். நீங்க வண்டியைத் திருப்புங்க சாமி, திருப்புங்க."

"ஏறுங்க ராசண்ணா"ன்னாரு கந்தசாமி. அவரு அண்ணான்னு கூப்பிட்டது அதுதான் மொதத் தடவையாம். கண்டக்டரு பின்னால சொன்னாரு.

ராசு ஏறி, கூடையைப் பாத்தாரு. பொறவு நீள சீட்டைப் பாத்தாரு. மொகம் அப்படியே மலந்துச்சுங்க. "கொண்டாந்துட்டீங்களா! நல்லா இருப்பீங்க, நல்லா இருப்பீங்க"ன்னு கும்புட்டாரு. கும்புட்ட கையோட செல்லத்தாயி மொகத்தைப் பாத்தாரு. அப்பத்தான் வெளங்குச்சு. அங்கயே ஒக்காந்துட்டாரு.

ஒக்காந்தபடியே கேட்டாரு. "எத்தனை வண்டி என்னையத் தாண்டி வந்துச்சு. எல்லாம் அந்த வளைவுல இருந்துதானே வந்துச்சு? ஒருத்தன்கூட அங்க நிக்கலியா? நான் தழை வெச்சிருந்தனே! நல்லாத் தெரியற மாதிரி வெச்சிருந்தனே!"

வெள்ளை ஜிப்பாக்காரரு வாயைத் தொறந்தாரு. "இல்லப்பா, தழை வெச்சதுனாலதான்..."

செல்லத்தாயி அவரைப் பாத்த பார்வையில அவரு வாயை மூடிட்டாரு.

"மனசில்லாத பயலுவ அண்ணாச்சி. பாத்துட்டேதான் போயிருக்கானுவ. நீரு என்ன செய்வீரு"ன்னு சொல்லுச்சு.

ராசு டிரைவரைப் பாத்தாரு. லாரி ஓட்டுன மனுசன் சொல்லட்டும்கற மாதிரி.

கந்தசாமி ஸ்டீரிங்கைப் பாத்துட்டே சொன்னாரு. "ஆமாங்கண்ணா. எங்க ஆளுக அப்படித்தான். ஈவு எரக்கம் கெடையாது. நீங்க தழை வெச்சதுனாலதான் நாங்க நின்னு பாத்தோம்."

நாப்பது பேரு இருந்த பஸ்ஸுங்க. சேவலைப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல. கூடைக்குள்ள செவலை மட்டும் றெக்கையை அடிச்சுது.

மறையூர் போய்ச் சேர்ந்தப்ப மணி ஒண்ணேகால். ஆசுபத்திரி, போலீசுன்னு எல்லாம் இருந்துச்சு. அதையெல்லாம் நான் நீட்டிச் சொல்லல. கேசு போடுவாங்க, அலைய விடுவாங்கன்னு பயந்தமே, அப்படி ஒண்ணும் ஆகல. பேரு, ஊரு கேட்டு எழுதிக்கிட்டாங்க. நான் கைநாட்டு வெச்சேன். அவ்வளவுதானுங்க. பஸ்ஸு மூணாறுக்குப் போயிருச்சு. செல்லத்தாயியும் போயிருச்சு. போறப்ப தன்னோட பழைய சேலை ஒண்ணை எங்கிட்ட எறிஞ்சு, "இதச் சுத்திக்கிடும். தங்கச்சி ஊட்டுக்கு அண்ட்ராயரோடவா போவீரு"ன்னு சொல்லுச்சு. சொல்லும்போதே கண்ணுல தண்ணி. அதுக்கப்பறம் நான் அவங்களைப் பாக்கவே இல்ல.

நான் பஸ்ஸுல போகாம மறையூர்லயே இருந்தது அந்த லாரிக்காகத்தான். சொல்றேன்னு சொல்லியிருந்தனே. சாயந்தரம் வெளக்கு வெக்கற நேரத்துக்கு லாரி வந்துச்சு. மூணாறுல லோடு எறக்கறப்பத்தான் ஆளக் காணோம்னு பாத்திருக்காங்க. அது வரைக்கும் மூட்டை மேலதான் படுத்திருக்கான்னு நெனைச்சாங்களாம். அந்த டிரைவருக்கு அம்பது வயசு இருக்கும். உள்ள போய்ப் பாத்துட்டு வந்து, செவுத்தைப் புடிச்சுட்டு நின்னாரு.

"அண்ணா, அவன் சொல்லாம எறங்கிப் போகலையாம். விழுந்துட்டானாம். கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னான்"னேன்.

"மேல போற வழியெல்லாம் அவனை நான் வெஞ்சுட்டுத்தான் போனேன் தம்பி, எறங்கித் தார்ப்பாயைக் கட்டலியேன்னு. கத்திக் கத்திக் கூப்பிட்டேன். பதிலு சொல்லலைன்னதும், திமிருன்னு நெனைச்சுட்டேன்"னு சொல்லி அழுதாரு.

மறுநாள் மூணாறு போயி, அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர் தேவிகுளம். தங்கச்சி ஊடு எஸ்டேட்டு லைன் ஊடு மாதிரி ஒரு ரூமு, ஒரு அடுப்பங்கரை. பையன் கருப்பா, கொழுகொழுன்னு இருந்தான். அம்மா என்னையச் சேலையோட பாத்துட்டு அடிக்க வந்துட்டாங்க. சொன்னதும் மருமவனைத் தூக்கி எங்கையில குடுத்துட்டு உள்ள போய்ட்டாங்க. செவலையை அன்னிக்கே அறுத்தாங்க. ஒரு மனுசனுக்காகப் பஸ்ஸை நிறுத்துன சேவலு, அதை அறுக்கலாமான்னு கேப்பீங்க. தங்கச்சிக்கு நிக்க முடியல, ரத்தமில்லாம வெளுத்துக் கெடந்துச்சு. சாறு வெச்சுக் குடுத்தாங்க. குடிச்சுது. நான் ரசஞ்சோறு தின்னேன்.

மாப்பிள்ளைக்கு அங்கயே எட்டு வருசம் உத்தியோகம். வருசத்துக்கு ரெண்டு தடவை நான் அந்த ரோட்டுல போனேன். அப்பப் பாத்ததைச் சொல்றேன். கந்தசாமி இந்தச் சங்கதியைச் செக்போஸ்ட்ல, டீக்கடையில, லாரிக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. ராசுகிட்ட மட்டும் யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு பேச்சு. அதுக்கப்பறம் ராசு சைக்கிளைத் தள்ளி நான் பாத்ததே இல்லீங்க. சின்னாறுலயே எவனாச்சும் ஒரு லாரிக்காரன் கூடையோட சைக்கிளையும் தூக்கி மேல போட்டு, ராசுவை முன்னால ஒக்கார வெச்சுக்குவான். மறையூர் போற வரைக்கும் ராசு அவங்களை வெய்யறதுதான் வேலை. "உங்களுக்கெல்லாம் கல்லு மனசுடா. தழை வெச்சிருந்தேன். ஒருத்தனாச்சும் நின்னீங்களா? பச்சைப் புள்ளையடா அவன்." ஓட்டறவன் ரோட்டைப் பாத்துட்டே "ஆமாங்கண்ணா, தப்புத்தானுங்கண்ணா"ம்பான். நான் ஒரு தடவை அதே லாரியில பின்னால நின்னுட்டுப் போனேன். அந்த டிரைவரு சின்னப் பையன். இது நடந்தப்ப அவன் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டிருந்திருப்பான். அவனும் "தப்புத்தானுங்கண்ணா"ன்னுதான் சொன்னான்.

ராசு தவறி இப்ப நெம்ப வருசமாச்சு. அவருக்குப் புள்ளை குட்டி இல்ல. அதனாலதான் இப்ப இதைச் சொல்றேன். உசுரோட இருக்கறப்ப, தழையைப் பாத்துத்தான் வண்டிக ஒதுங்கிப் போச்சுன்னு அவரு காதுல விழுந்திருந்தா, அவரு வெச்ச ஒவ்வொரு தழையும் அவரு நெஞ்சுல கெடந்திருக்கும். அவரு பண்ணுனதுல ஒரு தப்பும் இல்லீங்க. வெயிலுக்கு மூடுனாரு. வண்டி ஏறாம காவலு வெச்சாரு. நான் அந்த எடத்துல ஒத்தையில நின்னிருந்தாலும் அதையேதான் பண்ணியிருப்பேன்.

இனி போறவங்களுக்குச் சொல்ல வேண்டியது. உடுமலையில காலையிலயே கெளம்பிருங்க. சின்னாறு செக்போஸ்ட்டை இருட்டறதுக்கு முந்தித் தாண்டிருங்க, ராத்திரியில விட மாட்டாங்க. தண்ணி கையில வெச்சுக்குங்க, சின்னாறுக்கும் மறையூருக்கும் நடுவால வெயிலு தை மாசத்துலயும் சுடும். வண்டி பழுதாச்சுன்னா தழை வெய்யுங்க, சரியானதும் எடுத்துப் போடுங்க. அடிபட்ட ஆளுக்குத் தழை வெக்கற நெலமை வந்துச்சுன்னா, ரெண்டு பேரா இருந்தா ஒருத்தரு அங்கயே நில்லுங்க. ஒத்தை ஆளா இருந்தா உங்க சட்டையைக் கழட்டித் தழை மேல கட்டி விட்டுட்டுப் போங்க. சட்டையைப் பாத்தா என்னமோன்னு எறங்குவாங்க. இது கந்தசாமி எனக்குச் சொன்னது. முக்கியமா, ரோட்டுல தழை கெடந்து பக்கத்துல வண்டி இல்லைன்னா சும்மா போகாதீங்க. இஞ்சினை நிறுத்திட்டு எறங்குங்க. இஞ்சின் ஓடிட்டிருந்தா ஒரு மொனகலு கேக்காது.

போன தையில மருமவன் கார்ல போனோம். மருமவன்னா அந்தச் செவலை சாறு குடிச்சுப் பால் குடுத்து வளத்த தங்கச்சி மகன். அவனுக்கே தலை நரைச்சுப்போச்சு. அதே வளைவு இல்ல, அதுக்கு ரெண்டு வளைவு மேல. காத்துல ஒடிஞ்ச கிளை ஒண்ணு ரோட்டோரம் கெடந்துச்சு. அவன் மெதுவா ஒதுக்கிப் போகப் பாத்தான். நிறுத்து சாமின்னேன். "மாமா, அது சும்மா கிளைங்க மாமா"ன்னான். நிறுத்துன்னேன்.

எறங்கிப் போயித் தழையை வெலக்குனேன். வெறுந்தரைதான். ரெண்டு எறும்பு ஓடுச்சு. பின்னால ஒரு காரு ஆரன் அடிச்சுட்டு எங்களைச் சுத்தி மெதுவாப் போச்சு. நான் கிளையை இழுத்து அக்கட்டாலப் போட்டுட்டு, "யாராச்சும் இருக்கறீங்களா?"ன்னு பள்ளத்தைப் பாத்துக் கேட்டேன். மருமவன் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்திட்டு அவனும் எறங்கி எம் பக்கத்துல வந்து நின்னான். ஒரு சத்தமும் வரல. இன்னும் சித்த நேரம் நின்னு கேட்டுட்டுத்தான் ரெண்டு பேரும் ஏறுனோம்.